வேர்டில் தமிழ் அடித்தால் சிவப்புக் கோடு ஏன்? மொழி, அகராதி செட்டிங்ஸை சரிசெய்வது எப்படி?

மாலை ஆறரை மணி. நாளை வேலையில் சேரப்போகும் ஒருவருக்கு நியமனக் கடிதம் இன்றே போயாக வேண்டும். மனிதவளப் பிரிவில் இருக்கும் இளம்பெண் வேர்டு கோப்பைத் திறக்கிறார். மேல் பாதி ஆங்கிலம், கீழ் பாதி தமிழ். தமிழ்ப் பகுதி முழுக்க அம்மை போட்டதுபோல சிவப்பு நெளிகோடுகள்.

"இந்தக் கோடே பெரிய தொல்லைப்பா" என்று எழுத்துப்பிழை சோதனையையே அணைத்துவிடுகிறார். பக்கம் பளிச்சென்று ஆகிறது. கடிதமும் போய்விடுகிறது.

மறுநாள் காலைதான் விஷயம் தெரிகிறது. 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்ற பதவிப் பெயரில் இரண்டு தவறுகள். முதல் சொல்லில் ஒரு 'எஸ்' விடுபட்டிருக்கிறது. இரண்டாவது சொல்லில் ஒரு 'ஏ' காணவில்லை. அந்த ஓர் எழுத்து போனதும் 'மேனேஜர்' என்பது மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக மாறிவிட்டது!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், தமிழும் ஆங்கிலமும் கலந்து கோப்பு தயாரிக்கும் எந்த ஆபீஸிலும் நடக்கக்கூடியது. அந்த இரண்டு தவறுகளில் ஒன்றை கணினியே பிடித்துக் கொடுத்திருக்கும், செட்டிங்ஸ் சரியாக இருந்திருந்தால். இன்னொன்றை எந்தச் சாதாரண அகராதியும் பிடித்திருக்காது. எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் இங்கே முக்கியம்.

ஒரு கணினி, மூன்று மொழிகள்

"என் லேப்டாப்ல தமிழ் போட்டாச்சே, அப்புறம் ஏன் வரல?" என்று கேட்பவர்கள் பலர். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 'மொழி' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது, கணினிக்கு மூன்று தனித்தனி விஷயங்கள்.

ஒன்று, திரை மொழி. மெனுக்களும் பொத்தான்களும் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது. பெரும்பாலானவர்கள் இதை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பார்கள். அதனால் எழுத்துப்பிழை சோதனைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

இரண்டு, விசைப்பலகை மொழி. விசையைத் தட்டினால் எந்த எழுத்து வர வேண்டும் என்பது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99, அதற்கும் முந்தைய தட்டச்சு முறை, 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றிக் கொடுக்கும் ஒலிபெயர்ப்பு முறை எல்லாம் இந்த வகை.

மூன்று, சோதனை மொழி. எழுதிய சொல்லை எந்த மொழியின் அகராதியோடு ஒப்பிட வேண்டும் என்பது. வேர்டில் இதற்குப் பெயர் 'புரூஃபிங் லாங்குவேஜ்'.

முதல் இரண்டையும் மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோதனை மொழி என்பது கணினிக்கோ கோப்புக்கோ ஒட்டுமொத்தமாக வைக்கப்படும் அடையாளம் மட்டுமல்ல. ஒரே பத்தியில் ஒரு சொல் தமிழாகவும், அடுத்த சொல் இந்திய ஆங்கிலமாகவும், அதற்கடுத்தது அமெரிக்க ஆங்கிலமாகவும் பதிவாகியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இந்த அடையாளம் கோப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காப்பி பேஸ்ட் செய்தால் கூடவே வந்துவிடும்.

கோடு எப்படி வருகிறது?

எழுத்துப்பிழை சோதனையின் அடிப்படை மிக எளிமையானது. கையில் ஒரு சொல் பட்டியல். நீங்கள் எழுதிய சொல் அதில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் கோடு.

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லெஸ் எர்னஸ்ட் என்பவர், கையெழுத்தைப் படித்தறியும் நிரலுக்காக 10,000 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலைச் சேர்த்தார். 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் 'ஸ்பெல்' என்ற நிரலை எழுதினார். நாம் தட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே ஓடிவரும் சிவப்பு நெளிகோட்டைப் பரவலாக்கியது வேர்டு 95.

இடையில் எவ்வளவோ முன்னேற்றங்கள் வந்துவிட்டன. ஆனாலும் கோட்டின் பொருள் மாறவில்லை. 'இது தவறு' என்று அது சொல்வதில்லை. 'என்னிடம் இருக்கும் பட்டியலில் இந்தச் சொல் இல்லை' என்று மட்டுமே சொல்கிறது.

அப்படியானால் தமிழில் கோடு வர என்னென்ன காரணங்கள்?

உண்மையிலேயே எழுத்துப்பிழை இருக்கலாம். சொல் சரியாக இருந்தும் அகராதியில் இல்லாமல் இருக்கலாம். தமிழ்ப் பகுதிக்கு வேறு மொழியின் அடையாளம் ஒட்டியிருக்கலாம். நீங்கள் பயன்படுத்துவது பழைய எழுத்துருவாகவும் இருக்கலாம்.

நான்காவது காரணம் பலருக்குப் புதிதாக இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால் திரையில் தெரிவதுதான் தமிழ். கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி பார்ப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளை மட்டுமே. அந்த வரிசையில் ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. எனவே கோடு போடுகிறது. இதற்கு மொழி செட்டிங்ஸை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை. முதலில் எழுத்தை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கோடே வரவில்லையா? அப்போதுதான் கவனம் தேவை

சிவப்புக் கோடு எரிச்சலூட்டும். ஆனால் பெரிய ஆபத்து கோடே இல்லாத பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரு பகுதிக்குத் தமிழ் அடையாளம் இருந்து, தமிழ் அகராதி அந்தக் கணினியில் நிறுவப்படாமல் இருந்தால், சோதனையே நடக்காது. கோடும் வராது. பக்கம் சுத்தமாகத் தெரியும். "பிழையே இல்ல போல" என்று நினைத்து அனுப்பிவிடுவோம். அந்தப் பக்கத்தை யாருமே படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை நிலவரம்.

வேர்டிலேயே இதைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. மொழிப் பட்டியலைத் திறந்தால், சில மொழிகளின் பெயருக்கு அருகில் 'ஏபிசி' எழுத்துகளும் ஒரு டிக் குறியும் தெரியும். அந்த மொழிக்கு அகராதி தயாராக இருக்கிறது என்று அர்த்தம். குறி இல்லாத மொழியைத் தேர்ந்தெடுத்தால் பெயரளவுக்குத்தான் பயன்.

வேர்டில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அகராதி. 'ஃபைல்' → 'ஆப்ஷன்ஸ்' → 'லாங்குவேஜ்' போனால், எழுதுவதற்கும் சோதிப்பதற்குமான மொழிகள் என்ற பகுதி இருக்கும். அங்கே தமிழைச் சேர்க்கலாம். சோதனைக் கருவி நிறுவப்படவில்லை என்று காட்டினால், மைக்ரோசாஃப்ட் தரும் தமிழ் மொழித் தொகுப்பை இறக்கி நிறுவிவிட்டு வேர்டை மூடித் திறக்க வேண்டும். ஆபீஸ் கணினியில் நிறுவ அனுமதி இல்லையென்றால் ஐ.டி. பிரிவிடம் கேட்பதே வழி.

அடுத்து அடையாளம். தமிழ்ப் பகுதியை மட்டும் தேர்வுசெய்து, 'ரிவியூ' → 'லாங்குவேஜ்' → 'செட் புரூஃபிங் லாங்குவேஜ்' போய், தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஆங்கிலப் பகுதியைத் தேர்வுசெய்து அதற்குரிய ஆங்கிலத்தைக் கொடுக்க வேண்டும். மேக் கணினியில் 'டூல்ஸ்' மெனுவுக்குள் 'லாங்குவேஜ்' இருக்கும்.

இந்தப் பெட்டியிலேயே இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

'எழுத்துப்பிழை, இலக்கணம் சோதிக்காதே' என்று பொருள்படும் ஒரு டிக் பெட்டி. வேறு யாரோ தயாரித்த கோப்பில் சோதனை வேலை செய்யவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள். முன்பு எப்போதோ ஒருவர் போட்ட டிக், கோப்பு கைமாறிக் கைமாறி வரும்போது கூடவே வந்திருக்கும்.

'மொழியைத் தானாகக் கண்டுபிடி' என்ற இன்னொரு டிக் பெட்டி. நீளமான பத்திகளுக்கு இது உதவும். இரண்டு மூன்று சொற்களே உள்ள தலைப்பு, அட்டவணை, முகவரி போன்ற இடங்களில் தடுமாறக்கூடும். இருமொழிக் கோப்பில் கையால் அடையாளம் கொடுப்பதே நிம்மதி.

'செட் அஸ் டிஃபால்ட்' பொத்தான். இனிமேல் திறக்கும் புதிய கோப்புகள் எல்லாம் இந்த மொழியிலேயே தொடங்கும். ஏற்கெனவே எழுதிய கோப்புகள் மாறாது. 'நேத்துதான் மாத்தினேன், பழைய ஃபைல்ல அப்படியே இருக்கே' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

அடிக்கடி இருமொழிக் கோப்பு தயாரிப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வேர்டில் 'ஸ்டைல்' உருவாக்கும்போது எழுத்துரு, அளவோடு மொழியையும் சேர்த்து வைக்கலாம். 'தமிழ்ப் பத்தி', 'ஆங்கிலப் பத்தி' என்று இரண்டு ஸ்டைல் செய்துவைத்தால், ஒரே கிளிக்கில் எழுத்துருவும் மொழியும் சேர்ந்து மாறும். ஒருமுறை பத்து நிமிடம் செலவிட்டால் போதும்.

எந்த ஆங்கிலம்?

தமிழ் ஒருபுறம் இருக்கட்டும். ஆங்கிலத்திலும் இதே சிக்கல் உண்டு. மொழிப் பட்டியலில் அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டன் ஆங்கிலம், இந்திய ஆங்கிலம் என்று தனித்தனியாக இருக்கும். 'கலர்' என்ற சொல்லில் 'யூ' உண்டா, 'சென்டர்' என்ற சொல் 'ஈ ஆர்' என்று முடியுமா, 'ஆர் ஈ' என்று முடியுமா, 'ஆர்கனைஸ்' என்பதில் 'இசட்' வருமா, 'எஸ்' வருமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

நம் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் பிரிட்டன் முறை. கணினியில் அமெரிக்க ஆங்கிலம் இயல்புநிலையாக இருந்தால், சரியாக எழுதிய சொல்லுக்கும் கோடு வரும். "நம்ம இங்கிலீஷ்தான் தப்போ" என்று திருத்திக்கொண்டே போனால், ஒரே பயோடேட்டாவில் மேல் பாதி பிரிட்டன், கீழ் பாதி அமெரிக்கா என்று ஆகிவிடும். எந்த ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை. யாருக்கு அனுப்புகிறோமோ அவர்களின் வழக்கத்தைப் பார்த்து ஒன்றை முடிவுசெய்து, 'கன்ட்ரோல் + ஏ' கொடுத்து ஆங்கிலக் கோப்பு முழுவதற்கும் அதையே வைத்துவிட வேண்டும்.

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துபவர்களுக்கு

இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் மொழிகளை மூன்று கூடைகளாகப் பிரிக்கிறது. மேற்கத்திய மொழிகள், ஆசிய மொழிகள், சிக்கலான எழுத்தமைப்பு கொண்ட மொழிகள். ஆசிய மொழிகள் என்று அது சொல்வது சீனம், ஜப்பான், கொரிய மொழிகளை. தமிழ் அந்தக் கூடையில் இருக்காது. எழுத்துகள் சேர்ந்து உருமாறும் மொழி என்பதால் மூன்றாவது கூடையில்தான் இருக்கும். "ஏசியன்ல தேடிப் பாத்தேன், தமிழே இல்ல" என்று சொல்பவர்கள் தேடிய இடம் தவறு.

'டூல்ஸ்' → 'ஆப்ஷன்ஸ்' போய், மொழி அமைப்புகளில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை இயக்கி, அதற்கு நேராகத் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'இந்தக் கோப்புக்கு மட்டும்' என்ற டிக் பெட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் டிக் இருந்தால் அடுத்த கோப்பில் மீண்டும் பழைய கதைதான். அகராதி இல்லையென்றால் நீட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

லிப்ரே ஆபீஸுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் பின்னால் வேலை செய்யும் எழுத்துப்பிழை இயந்திரத்தின் பெயர் ஹன்ஸ்பெல். பெயரில் உள்ள 'ஹன்', ஹங்கேரியைக் குறிப்பது. லாஸ்லோ நேமெத் என்ற ஹங்கேரியர் தன் தாய்மொழிக்காக உருவாக்கியது. அப்போதிருந்த ஆங்கில பாணி சோதனைக் கருவிகள் ஹங்கேரிய மொழிக்குப் போதவில்லை. காரணம், ஹங்கேரிய மொழியும் தமிழைப் போலவே சொல்லின் வாலில் விகுதிகளை அடுக்கிக்கொண்டே போகும் ஒட்டுநிலை மொழி.

ஹன்ஸ்பெல் அகராதி என்பது இரண்டு சாதாரண எழுத்துக் கோப்புகள். ஒன்றில் வேர்ச்சொற்களின் பட்டியல் இருக்கும். இன்னொன்றில், எந்த வேரோடு எந்த ஒட்டு எப்படிச் சேரும் என்ற விதிகள் இருக்கும். நோட்பேடில் திறந்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம்.

தமிழுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

'வீடு' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை, வீட்டில், வீட்டுக்கு, வீட்டுக்கும், வீட்டிலிருந்து, வீட்டுக்குள்ளேயே, வீடுகள், வீடுகளில், வீடுகளிலிருந்தும்... கடைசிச் சொல்லைப் பிரித்தால் வீடு, கள், இல், இருந்து, உம் என்று நான்கு ஒட்டுகள். வினைச்சொல் என்றால் இன்னும் மோசம். 'போ' என்ற ஓரெழுத்திலிருந்து போனான், போகிறாள், போகாவிட்டாலும், போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து என்று நீண்டுகொண்டே போகும்.

ஆங்கிலத்தில் 'ஹவுஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு இரண்டு மூன்று வடிவங்களைச் சேர்த்தால் வேலை முடிந்தது. தமிழில் எல்லா வடிவங்களையும் பட்டியல் போட முடியாது. விதிகளால் பிடிக்கலாம் என்றாலும், ஹன்ஸ்பெல் ஒரு சொல்லின் வாலில் இரண்டு அடுக்கு ஒட்டுகளைத்தான் பிரித்துப் பார்க்கும். அதற்கு மேல் போனால், ஒட்டுகளின் சேர்க்கைகளையே ஒரே ஒட்டுபோல முன்கூட்டி எழுதி வைக்க வேண்டும். யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.

அடுத்தது ஒற்று. 'வேலை செய்தான்' என்பதில் ஒற்று மிகாது, 'வேலையைச் செய்தான்' என்பதில் மிகும். ஒற்று வருமா வராதா என்பது இரண்டு சொற்களுக்கு இடையிலான உறவைப் பொறுத்தது. ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து அகராதியில் தேடும் கருவிக்கு இது தெரியாது.

இந்த இடத்தில்தான் தமிழுக்கென்றே எழுதப்பட்ட கருவிகள் உதவுகின்றன. நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' எழுத்துப்பிழைத் திருத்தியும் 'நாவி' சந்திப்பிழைத் திருத்தியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் உருவாக்கிய 'மென்தமிழ்', சொற்செயலியாகவும் பிழைதிருத்தியாகவும் கணினியில் நிறுவிக்கொள்ளக்கூடியது. இவை சொல்லைப் பகுத்துப் பார்த்து, தமிழ் இலக்கணத்தின்படி சோதிக்க முயல்பவை.

கண்ணை ஏமாற்றும் எழுத்துகள்

தமிழில் இன்னொரு நுட்பமான வில்லங்கம் உண்டு. திரையில் ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள்.

'கௌரி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறியை ஒரே குறியாக உள்ளிடுவது சரியான முறை. ஆனால் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தை அடிப்பவர்கள் நிறையப் பேர். அப்படி அடித்தது கணினிக்கு 'கெ', 'ள', 'ரி' என்ற மூன்று எழுத்துகள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. 'ஸ்ரீ' எழுத்தையும் இரண்டு விதமாக உள்ளிட முடியும்.

சும்மா எழுத்துக் கணக்கு என்று இதை விட்டுவிட முடியாது. பணியாளர் பட்டியலில் ஒரு விதமாகவும், தேடும்போது வேறு விதமாகவும் அடித்தால், 'கன்ட்ரோல் + எஃப்' அந்தப் பெயரைக் கண்டுபிடிக்காது. பட்டியலில் இருக்கும் ஆள் இல்லாதவராகிவிடுவார். தமிழ் அகராதி சரியாக வேலை செய்யும் கணினியில், இப்படிப்பட்ட இடங்களில் கோடு விழ வாய்ப்பு உண்டு. அந்தக் கோட்டை அலட்சியம் செய்யாதீர்கள்.

உங்கள் பெயருக்கே சிவப்புக் கோடா?

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் கோடு விழுவது நமக்குப் பழகிப்போன விஷயம். இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. பிரிட்டனில் 2024-ல் 'நான் எழுத்துப்பிழை அல்ல' என்ற பொருளில் ஒரு பிரச்சாரமே நடந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களில் சுமார் பத்தில் நான்கு, ஆங்கில அகராதியில் தவறு என்று காட்டப்படுவதாக அதில் சுட்டிக்காட்டினார்கள். ஆசிய, ஆப்பிரிக்க, வேல்ஸ், அயர்லாந்து வேர்கள் கொண்ட பெயர்கள்தான் பெரும்பாலும் சிக்கின.

கோடு போடுவதோடு நின்றால் பரவாயில்லை. தானாகத் திருத்தும் வசதி பெயரையே மாற்றிவிடும். இதற்குப் பழைய உதாரணம் 'கூப்பர்டினோ விளைவு'. அக்கால அகராதி ஒன்றில், ஒத்துழைப்பு என்று பொருள்படும் 'கோஆபரேஷன்' என்ற ஆங்கிலச் சொல் நடுவில் சிறுகோட்டோடு மட்டுமே இருந்தது. சிறுகோடு இல்லாமல் எழுதினால், கலிஃபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனம் இருக்கும் ஊரான கூப்பர்டினோவின் பெயரைப் பரிந்துரைத்தது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வெளியான ஐ.நா., ஐரோப்பிய ஒன்றிய ஆவணங்களில், 'ஒத்துழைப்பு' இருக்க வேண்டிய இடத்தில் 'கூப்பர்டினோ' உட்கார்ந்திருந்தது.

தீர்வு, உங்களுக்கென்று ஒரு தனி அகராதி. கோடு விழுந்த பெயர்மீது ரைட் கிளிக் செய்து 'ஆட் டு டிக்ஷனரி' கொடுத்தால் போதும். அடுத்த முறை கோடு வராது. உங்கள் பெயர், சக ஊழியர்களின் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், நிறுவனத்தின் தயாரிப்புப் பெயர்கள் ஆகியவற்றைச் சேர்த்துவிடலாம். அதே பெயரில் ஓர் எழுத்து மாறினால் உடனே கோடு விழும். பெயர்ப்பிழையைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் அவசரத்தில் தவறான சொல்லையும் சேர்த்துவிட்டால், கணினி அந்தத் தவறை வாழ்நாள் முழுக்கச் சரி என்றே சொல்லும். வேர்டில் 'ஃபைல்' → 'ஆப்ஷன்ஸ்' → 'புரூஃபிங்' → 'கஸ்டம் டிக்ஷனரீஸ்' போனால், இதுவரை சேர்த்த சொற்களைப் பார்த்து, வேண்டாததை நீக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை வீட்டைச் சுத்தம் செய்வதுபோல இதையும் செய்துவிடலாம். லேப்டாப் மாற்றும்போது இந்தப் பட்டியலை எடுத்துச்செல்லவும் மறக்க வேண்டாம். அது வெறும் எழுத்துக் கோப்புதான்.

மொபைலில்?

ஜிபோர்டில் 'செட்டிங்ஸ்' → 'லாங்குவேஜஸ்' போய் தமிழைச் சேர்க்கலாம். 'டிக்ஷனரி' → 'பர்சனல் டிக்ஷனரி' பகுதியில் உங்கள் பெயரையும், அதற்கு ஒரு குறுக்கெழுத்தையும் கொடுத்து வைக்கலாம். ஐபோனில் 'செட்டிங்ஸ்' → 'ஜெனரல்' → 'கீபோர்டு' பகுதியில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இருக்கின்றன. அங்கேயே 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' மூலம் சொற்களைச் சேர்க்கலாம். கூகுள் டாக்ஸை கணினியில் திறந்தால், 'ஃபைல்' → 'லாங்குவேஜ்' மூலம் கோப்பின் மொழியையும், 'டூல்ஸ்' மெனு மூலம் தனி அகராதியையும் அமைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. குரோம் உலாவியில் 'மேம்பட்ட சோதனை'யைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் அடிப்பது கூகுளின் சர்வருக்குப் போய் சோதிக்கப்படும். 'அடிப்படைச் சோதனை' அப்படி அனுப்பாது. பிழை திருத்தும் இணையதளத்தில் ஒட்டும் எழுத்தும் உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடியதுதான். சம்பள விவரம், மருத்துவ அறிக்கை, வழக்கு ஆவணம் போன்றவற்றைக் கணினியிலேயே நிறுவிய அகராதியைக்கொண்டு சோதிப்பது பாதுகாப்பு.

கணினியால் பிடிக்க முடியாதது

ஆரம்பத்தில் பார்த்த கடிதத்துக்கு வருவோம். 'அசிஸ்டென்ட்' சொல்லில் விடுபட்ட 'எஸ்', சோதனை இயங்கியிருந்தால் சிக்கியிருக்கும். மாட்டுத் தொட்டியாக மாறிய 'மேனேஜர்' சிக்கியிருக்காது. ஏனென்றால், அதுவும் அகராதியில் இருக்கும் சரியான சொல்தான்.

தமிழில் இந்த வகைப் பிழை ஏராளம். பணி, பனி. மனம், மணம். கரை, கறை. அரம், அறம். பள்ளி, பல்லி. 'பணி நியமன ஆணை' என்பது 'பனி நியமன ஆணை' என்று போனாலும் அகராதிக்கு ஆட்சேபம் இல்லை.

இதற்கும் ஓரளவு வழி இருக்கிறது. வேர்டில் விலக்கு அகராதி என்று ஒன்று உண்டு. அதில் சேர்த்த சொல், சரியான சொல்லாகவே இருந்தாலும் கோடு விழும். லிப்ரே ஆபீஸில் தனி அகராதி உருவாக்கும்போது 'விதிவிலக்கு' வகையைத் தேர்ந்தெடுத்தால் இதே பலன். மாட்டுத் தொட்டியைப் பற்றி உங்கள் ஆபீஸில் யாரும் எழுதப்போவதில்லை என்றால், அந்தச் சொல்லை விலக்குப் பட்டியலில் போட்டுவிடலாம். மற்றபடி, ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதும், இன்னொருவர் கண்ணில் காட்டுவதும்தான் மருந்து.

பிழைக்காக மட்டுமல்ல

மொழி அடையாளத்தைச் சரியாக வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. பார்வை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள், இந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் எந்த மொழியின் குரலில் படிப்பது என்று முடிவுசெய்யும் வசதி கொண்டவை. தமிழ்ப் பத்திக்கு ஆங்கில அடையாளம் இருந்தால், வாசிப்பு குளறக்கூடும். நீங்கள் அனுப்பும் சுற்றறிக்கையைக் காதால் படிக்கும் சக ஊழியர் ஒருவர் இருக்கலாம்.

அனுப்பும் முன் ஐந்து நிமிடம்

1. தமிழ்ப் பகுதி யூனிகோடில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் அது பழைய எழுத்துரு.

2. தமிழ்ப் பகுதிக்குத் தமிழ், ஆங்கிலப் பகுதிக்கு ஒரே வகை ஆங்கிலம் என்று அடையாளம் கொடுங்கள்.

3. 'சோதிக்காதே' என்ற டிக் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தவறாக அடித்துப் பாருங்கள். கோடு வராவிட்டால் சோதனை நடக்கவில்லை.

4. எஃப்7 விசையைத் தட்டி ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சோதியுங்கள். பெயர்கள் வரும்போது மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

5. பெயர், பதவி, தொகை, தேதி ஆகிய நான்கையும் கண்ணால் படித்துச் சரிபாருங்கள். இந்த நான்குக்கும் எந்த அகராதியும் பொறுப்பேற்காது.

தமிழ்ப் பகுதி சிவப்பாகத் தெரிகிறது என்பதற்காக சோதனையையே அணைப்பது, சத்தம் போடுகிறது என்று வாசலில் நிற்கும் காவலாளியை வீட்டுக்கு அனுப்புவது மாதிரி. அவருக்கு நம் வீட்டு ஆட்களை அடையாளம் காட்டிவிட்டால் போதும். தெரியாத முகம் வரும்போது மட்டும் குரல் கொடுப்பார்.